நாட்டுப் பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் செயலிகளுக்கான முகவரிப் படிவம் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: இரண்டு அரசுகள் உரிமை கோரும் நிலத்தை மென்பொருளில் என்ன பெயரிட்டுக் காட்டுவது? இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

எங்கள் நிறுவனம் பயண முன்பதிவுத் தளம் நடத்துகிறது. நாடுகளின் பட்டியலை இலவசமாகக் கிடைக்கும் ஒரு லைப்ரரியிலிருந்து (ஆயத்த நிரல் தொகுப்பு) எடுத்தோம். அதில் தைவான், 'சீனாவின் மாகாணம்' என்ற அடைமொழியோடு வருகிறது. தைபேயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கோபமாக எழுதிவிட்டார். அதை எடுத்தால் ஷாங்காயில் உள்ள கூட்டாளி கோபிப்பார் என்கிறார் மேலாளர். என்ன செய்யலாம்?
– மென்பொருள் பொறியாளர், பெருங்குடி

அந்த அடைமொழி லைப்ரரியை எழுதியவரின் கருத்து அல்ல. 1974-ல் முதலில் வெளியான, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ 3166 தரநிலையில் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஓர் இரண்டெழுத்துக் குறியீடு, ஒரு மூன்றெழுத்துக் குறியீடு, ஒரு மூன்றிலக்க எண் தருவது அந்தத் தரநிலை. பெயர்களை அது தானாக முடிவு செய்வதில்லை, ஐ.நா. ஆவணங்களில் உள்ளதை எடுத்துக்கொள்கிறது. ஐ.நா.வில் 1971 முதல் சீனாவின் இருக்கையில் அமர்ந்திருப்பது பெய்ஜிங் அரசு. அதனால்தான் அந்த அடைமொழி. இது தெரியாமல் பட்டியலை அப்படியே இறக்கிப் பயன்படுத்தும் நிறுவனம், தான் எடுக்காத ஒரு நிலைப்பாட்டைத் தன் பெயரில் வெளியிட்டுவிடுகிறது.

ஐ.எஸ்.ஓ-விடமிருந்து குறியீட்டை மட்டும் வாங்குங்கள், பெயரை வாங்காதீர்கள். டி.டபிள்யூ. என்ற இரண்டெழுத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. பெயருக்கு, எழுத்துருக் குறியீடுகளை வகுக்கும் யூனிகோடு அமைப்பு பல மொழிகளிலும் தொகுத்துப் பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். தரவு இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், ஜாவா, இன்றைய பிரவுசர்கள் எல்லாம் நாட்டுப் பெயர்களை அங்கிருந்துதான் எடுக்கின்றன. அதில் 'தைவான்' என்று மட்டுமே இருக்கும். பயனர் தன் போனில் ஏற்கெனவே பார்த்துப் பழகிய பெயரையே நீங்களும் காட்டுவீர்கள் என்பதால் அதை நியாயப்படுத்துவதும் எளிது.

தரவுத்தளத்தை இப்படி அமையுங்கள். வாடிக்கையாளர், முன்பதிவு ஆகிய அட்டவணைகளில் குறியீடு மட்டும் இருக்கட்டும். பெயர்களுக்குத் தனி அட்டவணை: குறியீடு, மொழி, சந்தை, காட்டும் பெயர், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. சந்தை என்ற பத்தியை, அதாவது நெடுவரிசையை, பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சிக்கலுக்கு அதுதான் மருந்து. சீனப் பெருநிலத்தில் விற்கும் தளத்துக்கு மட்டும் வேறு பெயர் தேவைப்பட்டால் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது, நிரலைத் தொட வேண்டியதில்லை. படிவத்தின் தலைப்பை 'நாடு' என்று வைக்காமல் 'நாடு / பகுதி' என்று வையுங்கள். சண்டைகளில் பெரும்பங்கு பட்டியலில் உள்ள பெயரால் வருவதில்லை, அதன் தலைமேல் உள்ள அந்த ஒற்றைச் சொல்லால் வருகிறது. 2018 ஜனவரியில் மேரியட் ஓட்டல் குழுமத்தின் சீனத் தளம் ஒரு வாரம் மூடப்பட்டதற்கு, அதன் கேள்வித்தாளில் திபெத், ஹாங்காங், மக்காவ், தைவான் நான்கும் நாடுகள் என்ற தலைப்பின் கீழ் வந்ததே காரணம்.

எங்கே தவறு நடக்கும்? பெயரையே சாவியாக (பதிவுகளை இணைக்கும் அடையாளமாக) வைத்துச் சேமித்திருந்தால், பெயரை மாற்றிய மறுநாளே பழைய முன்பதிவுகள் அறிக்கையில் தனி நாடாக நிற்கும். இன்னொரு பொறி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ 3166-ன் இரண்டாம் பகுதி மாநிலங்களையும் மாகாணங்களையும் பட்டியலிடுகிறது. அங்கே சீனாவின் உட்பிரிவுகளில் தைவான், ஹாங்காங், மக்காவ் மூன்றும் மறுபடி வருகின்றன. போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்காவின் கீழ் இப்படி இரண்டாவது முறை வரும். ஒரே ஊர்க்காரர் இரண்டு வழிகளில் பதிவு செய்ய முடிகிறது என்றால் கட்டணக் கணக்கும் வரிக் கணக்கும் பிசகும். இரண்டில் ஒரு வழியை அடைத்துவிடுங்கள்.

பயணத் தளம் என்பதால் உங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. 2018-ல் சீன விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பி, தைவானைத் தனி நாடாகக் காட்டக் கூடாது என்றது. ஏர் இந்தியா 'சைனீஸ் தைபே' என்று மாற்றியது. அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் ஆகியவை நாட்டின் பெயரையே எடுத்துவிட்டு ஊர்ப் பெயரையும் விமான நிலையக் குறியீட்டையும் மட்டும் நிறுத்திக்கொண்டன. விமானத்தில் ஏறுகிறவருக்கு 'தைபே, டி.பி.இ.' போதும். நாடு தேவைப்படாத இடத்தில் நாட்டைக் கேட்காதீர்கள்.

கொசோவோவுக்குக் குறியீடே கிடைக்கவில்லை. நாங்களே ஒன்றை வைத்துக்கொள்ளலாமா?
– ஏற்றுமதி நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு, பாரிமுனை

நீங்களாக வைக்காதீர்கள். 2008 பிப்ரவரி 17-ல் கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஐ.நா. உறுப்பினர் அல்ல, இந்தியாவும் அங்கீகரிக்கவில்லை. ஐ.எஸ்.ஓ பட்டியலிலும் இல்லை. ஆனால் பயனர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தரநிலையே சில குறியீடுகளை ஒதுக்கி வைத்திருக்கிறது: ஏ.ஏ., கியூ.எம். முதல் கியூ.இசட். வரை, எக்ஸ்.ஏ. முதல் எக்ஸ்.இசட். வரை, இசட்.இசட். இவை எந்த நாட்டுக்கும் ஒருபோதும் தரப்படமாட்டா. இதிலிருந்து எக்ஸ்.கே. என்பதை எடுத்து ஐரோப்பிய ஆணையமும் சி.எல்.டி.ஆர்.-உம் கொசோவோவுக்குப் பயன்படுத்துகின்றன. நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எண் குறியீடு வேண்டுமென்றால் 900 முதல் 999 வரை இதே போல் விடப்பட்டிருக்கிறது.

வைத்தபின் மூன்று இடங்களைப் பாருங்கள். தரவுத்தளத்தில் ஐ.எஸ்.ஓ பட்டியலோடு ஒப்பிடும் கட்டுப்பாடு இருந்தால் எக்ஸ்.கே. நிராகரிக்கப்படும். கூரியர், வங்கி போன்ற வெளிக் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எதிர்பார்ப்பார்கள்; அவரவருக்குத் தனி மாற்று அட்டவணை வேண்டும். தொலைபேசிக் குறியீட்டை வைத்து நாட்டை ஊகிக்கும் நிரல் இருந்தால் எடுத்துவிடுங்கள். கொசோவோவுக்கு 383 ஒதுக்கப்பட்டது 2016-ல்தான். அதற்கு முன் தரைவழி எண்கள் செர்பியாவின் 381-லும், செல்பேசிகள் மொனாக்கோவின் 377, ஸ்லோவேனியாவின் 386 ஆகியவற்றிலும் இயங்கின. பழைய வாடிக்கையாளர் பட்டியலில் 'மொனாக்கோ' திடீரென்று அதிகம் தென்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சொந்தமாகக் குறியீடு வைப்பது ஏன் ஆபத்து என்பதற்குச் செக்கோஸ்லோவாகியாவே சாட்சி. அதன் சி.எஸ். குறியீடு, அந்த நாடு பிரிந்தபின் 2003-ல் செர்பியா-மாண்டினீக்ரோவுக்குத் தரப்பட்டது. 2006-ல் அதுவும் பிரிந்தது. தேதி இல்லாத பழைய பதிவில் சி.எஸ். என்று இருந்தால் அது எந்த நாடு என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தரநிலை வழங்கிய குறியீட்டுக்கே இந்தக் கதி.

மாணவர்களுக்கான புவியியல் செயலி செய்கிறோம். இலவச உலக வரைபடக் கோப்பு ஒன்றைப் போட்டோம். காஷ்மீரின் தலைப்பகுதி வெட்டப்பட்டிருப்பதாகப் பெற்றோர் ஒருவர் சுட்டிக்காட்டினார். இது சட்டச் சிக்கலா? எப்படித் திருத்துவது?
– பள்ளி ஆசிரியை, தாம்பரம்

சட்டச் சிக்கல்தான். 1961-ம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், 1990-ல் மேலும் திருத்தப்பட்ட வடிவில், மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அச்சிட்ட புத்தகத்தைப் போலவே செயலியையும் கருதுவதுதான் பாதுகாப்பு. திருத்துவதற்கு வழியும் அரசே தந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 15-ல் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்கள், எந்த அளவீட்டில் இந்திய அரசியல் வரைபடம் போட்டாலும் சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடமோ அதன் டிஜிட்டல் எல்லைத் தரவோதான் அளவுகோல் என்றும், அது இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன.

உங்கள் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் நேச்சுரல் எர்த் என்ற பொதுத் தரவாக இருக்கும், அல்லது அதிலிருந்து எடுத்த நகலாக இருக்கும். அதன் வழக்கமான கோப்பு, நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே எல்லையைக் காட்டும். தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நடைமுறையும் அதுவே. இந்த நிலைப்பாடு சரியா தவறா என்பது வேறு விவாதம்; இந்தியாவில் வெளியிடும் செயலிக்கு அது பொருந்தாது.

கோப்பு எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடச் சோதனை: இந்தியாவின் பலகோணத்தில் (நாட்டின் வடிவத்தை வரையும் மூடிய கோடு) வடக்கு எல்லையின் அட்சரேகை எவ்வளவு என்று பாருங்கள். அதிகாரப்பூர்வ வரைபடத்தில் அது 37 பாகை 6 நிமிடம். உங்கள் கோப்பில் முப்பத்தைந்தரை அளவில் நின்றால் அது காஷ்மீரின் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டையே எல்லையாகக் காட்டும் கோப்பு. இன்னொரு சோதனை கண்ணாலேயே செய்யலாம். சரியான வரைபடத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானைத் தொடும், 106 கிலோமீட்டர் நீளத்துக்கு. தொடவில்லை என்றால் கோப்பு தவறு. தெற்கே இந்திரா முனை 6 பாகை 45 நிமிடத்தில் இருக்க வேண்டும்.

நேச்சுரல் எர்த்தில் ஒரு கோடிக்கு ஒன்று அளவீட்டில் இந்தியப் பார்வைக்கென்று தனிக் கோப்பும் இருக்கிறது. தொடங்குவதற்கு அது நல்லது. ஆனால் சட்டம் கேட்பது சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லையை. ஆகவே இந்தியாவின் பலகோணத்தை அங்கிருந்து எடுத்து மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. பாகிஸ்தான், சீனா பலகோணங்களிலிருந்து அந்தப் பகுதியைக் கழித்து வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் இரண்டு நாடுகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். மாணவர் கில்கிட்டைத் தொட்டால் எந்தப் பெயர் வரும் என்பது வரையும் வரிசையைப் பொறுத்ததாகிவிடும்.

அடுத்து கோப்பின் எடையைக் குறைக்கும் வேலை. புள்ளிகளைக் குறைக்கும்போது 'சிறு தீவுகளை நீக்கு' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் லட்சத்தீவுதான் முதலில் காணாமல் போகும், பிறகு நிக்கோபாரின் சிறு தீவுகள். அந்த அமைப்பை அணைத்துவிட்டுக் குறையுங்கள். இந்தியாவையும் அண்டை நாடுகளையும் தனித்தனியாகக் குறைத்தால் எல்லையில் இடைவெளிகள் விழும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துச் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

உங்கள் எல்லைக்குக் கீழே வெளிச் சேவையின் வரைபடத் தளம் இருந்தால் அதன் எல்லைக்கோடும் தெரியும். ஒரே காஷ்மீருக்கு இரண்டு கோடுகள் வரும். கூகுள் மேப்ஸில் வட்டார அமைப்பு, மேப்பாக்ஸில் உலகப் பார்வை, அஷூர் மேப்ஸில் பார்வை என்று ஒவ்வொன்றிலும் இதற்கு ஓர் அமைப்பு உண்டு. அதில் இந்தியாவை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், வரைபடப் படத்தை உருவாக்கும் சர்வர் வெளிநாட்டில் இருக்கும்போது அந்த ஊருக்கான எல்லை வந்துவிடும். அந்தப் படம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கிவிட்டால் நீங்கள் திருத்திய பிறகும் சில நாட்கள் பழையதே தெரியும்.

கடைசியாக, வரைபடம் ஒளிந்திருக்கும் மற்ற இடங்கள்: செயலியின் ஐகான், ஆப் ஸ்டோரில் ஏற்றிய ஸ்கிரீன்ஷாட், மதிப்பெண் அறிக்கையின் பி.டி.எஃப்., சார்ட் லைப்ரரியோடு வரும் உள்ளமைந்த உலக வரைபடம். கடைசியாகச் சொன்னதை யாரும் சந்தேகிப்பதே இல்லை. விண்டோஸ் 95-ன் நேர மண்டல வரைபடத்தில் சில புள்ளிகள் வேறு பச்சை நிறத்தில் இருந்ததால் காஷ்மீர் இந்தியாவில் சேராததுபோல் தெரிந்தது. சுமார் 8 லட்சம் புள்ளிகளில் வெறும் 8 என்று அந்த நிறுவனத்தில் பணியாற்றிய புவியியலாளர் ஒருவர் 2004-ல் சொன்னது அப்போது செய்தியானது. இந்தியாவில் விற்பனை தடைப்பட்டது. நேரம் அமைக்கும் திரையில் எல்லைப் பிரச்சினை வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

பரங்கிமலை அடிவாரத்திலிருந்து 1802-ல் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கு ஆதாரமான நேர்கோடு) அளந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடு தொடங்கியது. தாம்பரத்திலிருந்து அந்த மலை கூப்பிடு தூரம். உங்கள் மாணவர்களை ஒருமுறை அழைத்துப்போய், எல்லைக்கோடு என்பது அளந்து வருவது என்று சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் பில்லிங் மென்பொருளில் லே நகரின் பின்கோடு போட்டால் ஜம்மு-காஷ்மீர் என்று வருகிறது. ஜி.எஸ்.டி. தவறாகுமா?
– மொத்த வியாபாரி, சவுகார்பேட்டை

ஆகும். 2019 அக்டோபர் 31 முதல் லடாக் தனி யூனியன் பிரதேசம். ஜி.எஸ்.டி. மாநில எண் ஜம்மு-காஷ்மீருக்கு 01, லடாக்குக்கு 38. பின்கோடு மட்டும் பழையபடி 194-ல் தொடங்குகிறது. பழைய பின்கோடு அட்டவணையை வாங்கிப் போட்ட மென்பொருள்களில் அதற்கு நேராக ஜம்மு-காஷ்மீர்தான் இருக்கும். 194-ல் தொடங்கும் எண்களை லடாக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். கூடவே தாத்ரா-நகர் ஹவேலி, தமன்-தியூ இரண்டும் 2020 ஜனவரி 26-ல் ஒன்றாயின. தமன்-தியூவின் 25 நீங்கி எல்லாமே 26 ஆகிவிட்டது. அதையும் ஒரே மூச்சில் பாருங்கள். இந்த மாற்றங்களுக்கு முந்தைய பில்களைத் திருத்தக் கூடாது. அன்றைய தேதிக்கு அது சரியான எண். முதல் பதிலில் சொன்ன 'எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை' என்ற பத்திகள் இங்கேயும் தேவை.

மீனவர்களுக்கு எல்லை எச்சரிக்கை தரும் செயலி தயாரிக்கிறோம். கச்சத்தீவை இந்தியா என்று குறிப்பதா, இலங்கை என்றா? எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் இந்தியா என்றே போடச் சொல்கிறார்கள்.
– மீனவர் சங்கத் தொண்டர், காசிமேடு

பெரியவர்களின் மனம் புரிகிறது. கச்சத்தீவை மீட்கக் கோரி தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில்கூடத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் உங்கள் செயலி கடலில் போகிறவரின் உயிரையும் படகையும் காப்பதற்கானது. இந்திய அரசு 1974-ல் செய்த ஒப்பந்தப்படி தீவு எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கைக் கடற்படை அந்தக் கோட்டை வைத்தே கைது செய்கிறது. எச்சரிக்கைக் கணக்கில் அதை இந்தியா என்று போட்டால், மணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காது. ஆகவே கணக்கில் ஒப்பந்தக் கோடு. திரையில் நாட்டின் பெயரே இல்லாமல் 'கச்சத்தீவு' என்று மட்டும் எழுதுங்கள். அந்தப் பெயரில் இரு கரைக்கும் தகராறு இல்லை.

தீவிலிருந்து தூரம் கணக்கிடாதீர்கள், கோட்டிலிருந்து கணக்கிடுங்கள். கோடு தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தள்ளியே போகிறது. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் 6 புள்ளிகளைத் தருகிறது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976 ஒப்பந்தம். காசிமேட்டுப் படகுகளுக்கு வங்காள விரிகுடாப் பகுதியும் வேண்டும்; பலர் முதல் ஒப்பந்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

புள்ளிகளைத் தட்டச்சு செய்யும்போது நடக்கும் ஒரு பிழை மிகவும் ஆபத்தானது. ஒப்பந்தத்தில் 9 பாகை 40.15 நிமிடம் என்று இருப்பதை 9.4015 என்று போட்டுவிடுவார்கள். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: சரியான எண் 9.6692. வித்தியாசம் 16 கடல் மைல், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். எல்லாப் புள்ளிகளையும் இட்டபின் கச்சத்தீவின் மேற்கில் சுமார் ஒரு மைலில் கோடு போகிறதா என்று வரைபடத்தில் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் ஒரு கடல் மைலைக் கடக்க ஏழரை நிமிடம்தான் ஆகும். வலை இறக்கியிருக்கும் படகுக்கு அது போதாது. 3 கடல் மைலில் முதல் எச்சரிக்கை, ஒன்றரையில் இரண்டாவது என்று இரண்டு வையுங்கள். இராமேசுவரம் பக்கம் கோடு நெருக்கமாக இருப்பதால் இதற்கு மேல் போனால் மணி ஓயாமல் அடித்து, கடைசியில் அணைத்துவிடுவார்கள்.

ஒரு செயலியைத் தமிழாக்கம் செய்கிறேன். பாலஸ்தீனம், மியான்மர், ஃபாக்லாந்து போன்றவற்றுக்கு எந்தப் பெயர் போடுவது என்று நிறுவனம் எதுவும் சொல்லவில்லை. நானே முடிவு செய்யலாமா?
– மொழிபெயர்ப்பாளர், அம்பத்தூர்

வேண்டாம். எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். ஃபாக்லாந்துக்குப் பக்கத்தில், அர்ஜென்டினா அழைக்கும் மால்வினாஸ் என்ற பெயரையும் எழுதுவதா என்பது பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே நிறுவனம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி. அந்தச் சுமை ஒரு மொழிபெயர்ப்பாளரின் தலையில் விழுவது நியாயமே இல்லை. பதில் வரவில்லை என்றால் சி.எல்.டி.ஆர்.-ன் தமிழ்ப் பட்டியலை அப்படியே எடுத்தேன் என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். அதில் சில பகுதிகளுக்கு முழுப்பெயர், சுருக்கப் பெயர், மாற்றுப் பெயர் என்று ஒன்றுக்கு மேல் இருக்கும். பாலஸ்தீனம், ஹாங்காங், மியான்மர் மூன்றுமே அப்படி. எந்த வகையை எடுத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். ஒரு திரையில் சுருக்கப் பெயரும் அடுத்த திரையில் முழுப்பெயரும் வந்தால், வேண்டுமென்றே செய்ததாகவே படிக்கிறவர் நினைப்பார்.

தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நாட்டுப் பெயரை வாக்கியத்தின் நடுவே செருகும் நிரல், பெயரோடு 'இல்' என்று ஒட்டும்.  'தைவான்இல்', 'இந்தியாஇல்', 'பாலஸ்தீனம்இல்', 'மியான்மர் (பர்மா)இல்' என்று திரையில் வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய சிலர் 'பாலஸ்தீனத்தில்', 'துருக்கியில்' என்று வேற்றுமை ஏற்ற வடிவங்களைத் தனித்தனி வாக்கியங்களாகவே எழுதிவைப்பார்கள். நாளை பெயர் மாறினால் பட்டியல் மாறும், இந்த வாக்கியங்கள் பழைய பெயரோடு அங்கேயே கிடக்கும். ஸ்வாசிலாந்து 2018-ல் எஸ்வாட்டினி ஆனது, மாசிடோனியா 2019-ல் வட மாசிடோனியா ஆனது; இரண்டிலும் குறியீடு மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. 'அனுப்பும் நாடு / பகுதி: இந்தியா' என்று பெயர் தனித்து நிற்கும்படி வாக்கியத்தையே மாற்றித் தரச் சொல்லுங்கள். மூல ஆங்கிலத்தில் மாற்றம் கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

மொழி தேர்ந்தெடுக்கும் இடத்தில் கொடி வைத்திருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். தமிழுக்கு எந்தக் கொடி? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நான்குக்கும் தனித்தனித் தமிழ் அமைப்பு சி.எல்.டி.ஆர்.-ல் இருக்கிறது. 'தமிழ்' என்ற எழுத்தே போதும். தவிரவும் கொடி எல்லாக் கருவிகளிலும் வராது. விண்டோஸ் கொடிக்குப் பதில் இரண்டெழுத்தைக் காட்டும். சீனாவை வட்டாரமாக வைத்த ஐபோனில் தைவான் கொடி தெரியவே தெரியாது.

நேர மண்டலப் பட்டியலில் கிரிமியா, ஜெருசலேம் வருகின்றன. அவற்றையும் பிரச்சினைக்குரியவையாகக் குறிக்க வேண்டுமா?
– மென்பொருள் சோதனையாளர், சிறுசேரி

தேவையில்லை. பெரும்பாலான இயங்குதளங்கள் நம்பியிருக்கும் டி.இசட். என்ற நேர மண்டலத் தரவுத்தளம் வேண்டுமென்றே நாட்டுப் பெயரைத் தவிர்த்து, 'ஆசியா/தைபே', 'ஐரோப்பா/சிம்ஃபெரோபோல்' என்று கண்டமும் ஊருமாகப் பெயரிடுகிறது. ஆட்சி மாறினாலும் ஊர் இருக்கும் இடத்தில் இருக்கும். கிரிமியாவில் உள்ள சிம்ஃபெரோபோலை அதன் துணை அட்டவணை ரஷ்யா, உக்ரைன் இரண்டின் கீழும் காட்டுகிறது. நீங்கள் சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: பயனர் தேர்ந்தெடுத்த நேர மண்டலத்தை வைத்து உங்கள் மென்பொருள் அவருடைய நாட்டை நிரப்பிவிடுகிறதா? நிரப்பினால் பிழை என்று பதிவு செய்யுங்கள். 'ஆசியா/கல்கத்தா' என்ற பழைய பெயர் 'ஆசியா/கொல்கத்தா'வாகவே நடத்தப்படுகிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரு பெயரை 24 மணி நேரத்தில் மாற்றாவிட்டால் புறக்கணிப்போம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. எப்படிக் கையாள்வது?
– குழுத் தலைவர், தரமணி

மின்னஞ்சல் வந்தபின் முடிவெடுக்க உட்கார்ந்தால் காலதாமதம்தான். எந்தப் பட்டியலை ஆதாரமாகக் கொள்கிறோம், எந்தச் சந்தையில் எந்தச் சட்டத்துக்காக விலகுகிறோம், விலக ஒப்புதல் தருபவர் யார் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, சட்டப் பிரிவின் கையொப்பத்தோடு வையுங்கள். பதில் கடிதம் அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். 'எங்கள் பட்டியலின் ஆதாரம் இது, உரிமைக் கோரிக்கை எதையும் நாங்கள் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ இதற்குப் பொருளில்லை' என்று இரண்டு வரி போதும். அரசியல் வாதத்துக்குள் போகாதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவரை ஒருபோதும் சொந்தமாகப் பதில் எழுதவிடாதீர்கள். அவருடைய ஒரு வரி ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றிவரும்.

சட்டத்தின் கோரிக்கையையும் தனிமனிதர் கோரிக்கையையும் பிரித்துப் பாருங்கள். 2025-ல் அமெரிக்க அரசு மெக்சிகோ வளைகுடாவை அமெரிக்க வளைகுடா என்று மாற்றியபோது, கூகுள் மேப்ஸ் அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் புதிய பெயரையும், மெக்சிகோவில் இருப்பவர்களுக்குப் பழைய பெயரையும், மற்றவர்களுக்கு இரண்டையும் காட்டியது. அரசின் அதிகாரப்பூர்வப் பெயர்ப் பட்டியல் மாறினால் நாங்களும் மாற்றுவோம் என்ற விதி அவர்களிடம் முன்பே இருந்தது. அந்தப் பெயர் மாற்றத்தை நீங்கள் விரும்பலாம், வெறுக்கலாம். விதி முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

தொழில்நுட்பமாக ஒன்று: பெயர்கள் செயலிக்குள் அடைக்கப்பட்டிருந்தால் திருத்தம் ஆப் ஸ்டோரின் அனுமதிக்குக் காத்திருக்கும், பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குப் போய்ச்சேரவே சேராது. பெயர் அட்டவணையைச் சர்வரிலிருந்து இறக்கும்படி செய்யுங்கள், செயலிக்குள் இருப்பது இணைப்பு இல்லாத நேரத்துக்கான நகலாக மட்டும் இருக்கட்டும். யார், எப்போது, எந்தப் பெயரை, எந்தக் காரணத்துக்காக மாற்றினார் என்ற பதிவும் இருக்க வேண்டும். ஒரு தரப்புக்காக மாற்றிய மறுவாரம் மறுதரப்பிடமிருந்து கடிதம் வரும்.

முதியோர் இல்லத்துக்குப் பதிவு மென்பொருள் எழுதுகிறேன். 1940-களில் கராச்சியில் பிறந்தவருக்குப் பிறந்த நாடு என்று எதைப் போடுவது?
– மாணவர், கிண்டி

1947 ஆகஸ்ட் 15-க்கு முன் இன்றைய பாகிஸ்தானிலோ பங்களாதேஷிலோ பிறந்தவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பம் 'பிரிக்கப்படாத இந்தியா' என்ற தேர்வைத் தருகிறது. அதையே பின்பற்றுங்கள். இதற்கு ஐ.எஸ்.ஓ குறியீடு கிடையாது; கொசோவோ பதிலில் சொன்ன ஒதுக்கீட்டிலிருந்து எக்ஸ்.கே. தவிர ஒன்றை எடுத்து, அதன் பொருளை ஆவணத்தில் எழுதி வையுங்கள். பிறந்த ஊர் கட்டாயமாகவும், பிறந்த நாடு காலியாக விடத்தக்கதாகவும் இருக்கட்டும். அடையாள ஆவணத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே சேமிக்க ஒரு பத்தி, உங்கள் அறிக்கைக்காகக் குறியீடு இட ஒரு பத்தி என்று இரண்டாக வைத்துக்கொண்டால், மருத்துவக் காப்பீட்டுக்காரர் கேட்கும்போது முதல் பத்தியை எடுத்துக் கொடுக்கலாம்.